மெக்காலே அன்றைக்கு எங்கே இருந்தார்? – ஒரு கல்லூரி நூலகரின் வகுப்பறை அனுபவம்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் 'நூலக அறிமுகம்' என்று ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகளை மொத்தமாகக் கருத்தரங்கக் கூடத்தில் உட்காரவைத்து, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை புத்தகம் எடுக்கலாம், அபராதம் எவ்வளவு, கணினியில் புத்தகம் தேடுவது எப்படி, என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவை) என்றால் என்ன என்று திரையில் காட்டி முடிப்போம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் கேட்டால் அபராதத் தொகையைத் தவிர ஒன்றும் ஞாபகம் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேவை வராதபோது சொன்னது எதுவும் யார் மனதிலும் தங்காது.

தேவை வருவது மூன்றாம் ஆண்டில், ஆறாவது செமஸ்டரில். பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது நூலகக் கவுன்டரில் வந்து நிற்பார்கள். "மேடம், ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சருக்கு பத்து ஆர்ட்டிகிள் வேணும். நாளைக்கு சப்மிஷன்." எதைப் பற்றி என்று கேட்டால் தலைப்பைப் படித்துக் காட்டுவார்கள், பெரும்பாலும் அந்தத் தலைப்பும் ஜெராக்ஸ் கடையில் போன வருடத்துப் பிராஜெக்டைப் பார்த்து எடுத்ததாக இருக்கும்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர்கள். வீட்டில் கணினி கிடையாது, கைபேசிதான் எல்லாம். கைபேசியில் அவர்கள் என்னைவிட வேகமாகத் தேடுவார்கள். வந்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் திணறல். ஒரு செய்தியை யார் சொன்னது, முதலில் எங்கே சொன்னது, இப்போதும் அது செல்லுமா என்று பார்க்கிற பழக்கத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கத் துறைகளிடம் வகுப்பு நேரம் கேட்டு வாங்கி நடத்தியதைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

நேரம் வாங்குவதே ஒரு வேலை. வணிகவியல் துறைத்தலைவர் முதலில், "எங்களுக்கே சிலபஸ் முடிக்க நேரமில்ல மேடம்" என்றார். "ஒரு மணி நேரம் கொடுங்க சார், ரிவ்யூ அத்தியாயத்துல நீங்க திருத்துற வேலை பாதி குறையும்" என்று பேரம் பேசினேன். ஒரு நிபந்தனையும் வைத்தேன்: அந்த ஒரு மணி நேரமும் பாட ஆசிரியர் வகுப்பிலேயே இருக்க வேண்டும். நூலகர் தனியாக எடுக்கிற வகுப்பு பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம். சொந்த ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் அது மதிப்பெண் சம்பந்தப்பட்ட விஷயம். இதை முயல நினைக்கிற நூலகர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விட வேண்டாம். வகுப்பில் கைபேசி கூடாது என்பது எங்கள் கல்லூரி விதி என்பதால் முதல்வரிடம் எழுத்தில் அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது.

முதல் வகுப்பில் தரவுத்தளம், தேடல் உத்தி என்று எதையும் ஆரம்பிப்பதில்லை. திரையில் ஒரே ஒரு படம். வாட்ஸ்அப்பில் ஆண்டாண்டாகச் சுற்றுகிற படம்தான்: பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரி மெக்காலேயின் முகம், பக்கத்தில் ஒரு மேற்கோள். இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போய்வந்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் பழைய கல்விமுறையை உடைத்தால்தான் இவர்களை வெல்ல முடியும் என்கிற சாரத்தில் இருக்கும். கீழே, '1835 பிப்ரவரி 2, பிரிட்டிஷ் நாடாளுமன்றம்' என்று போட்டிருக்கும். பிராஜெக்டுகளிலும் பேச்சுப்போட்டிகளிலும் இது தவறாமல் வரும்.

உண்மையா என்று கேட்டால் பெரும்பாலான கைகள் உயரும். ஏன் என்று கேட்டால் காரணங்கள் தெளிவாகவே வரும். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, படமும் இருக்கிறது. ஒரு பொய்க்கு இத்தனை விவரம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. சரி, நாலு நாலு பேராகச் சேர்ந்து பத்து நிமிடத்தில் தேடிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன்.

பாதிக் குழுக்கள் மேற்கோளை அப்படியே தேடல் பெட்டியில் போடும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். "இத்தனை பேர் எழுதியிருக்காங்க மேடம், எல்லாரும் பொய்யா சொல்வாங்க?" என்று வெற்றியோடு காட்டுவார்கள். அந்த இடத்தில் நான் வகுப்பை நிறுத்துவேன். வந்த பக்கங்களில் எத்தனை பேர் நாடாளுமன்றப் பதிவைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னொரு பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்வேன். பதிவைப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஒருவர் சொன்னதை ஆயிரம் பேர் படியெடுத்தால் சாட்சி ஆயிரம் ஆகாது, ஒன்றுதான். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மண்டையில் ஏறாது. தங்கள் கையிலேயே எண்ணிப் பார்த்தால் ஏறுகிறது.

எப்படியும் ஒரு குழுவாவது வேறு வழியில் போகும். மேற்கோளை விட்டுவிட்டு, ஆளைத் தேடும். 1835-இல் மெக்காலே எங்கே இருந்தார்? அவர் 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்குகிறார். அப்போதைய தலைமை ஆளுநர் பென்டிங்க் உடல்நிலை காரணமாக உதகமண்டலத்தில் இருந்ததால் அங்கே போகிறார். ("ஊட்டியிலயா மேடம்!" என்று வகுப்பு சிரிக்கும். இந்தச் சிரிப்புக்காகவே நான் இந்த உதாரணத்தை மாற்றுவதில்லை.) பிறகு கல்கத்தா. தலைமை ஆளுநர் அவையின் சட்ட உறுப்பினர். 1838 வரை இந்தியாவில்தான் இருக்கிறார். கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் போக மாதக்கணக்கில் ஆன காலம் அது. 1835 பிப்ரவரி 2 அன்று அவர் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசியிருக்க வழியே இல்லை. அதே தேதியில் அவர் கல்கத்தாவில் எழுதிக் கையெழுத்திட்ட ஓர் ஆவணம் வேறு இருக்கிறது: கல்வி பற்றிய அவருடைய புகழ்பெற்ற குறிப்பு.

இங்கேயே வகுப்பை முடித்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் வகுப்பின் முக்கியமான பாதி இனிமேல்தான். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து, "அப்போ மெக்காலே நல்லவர்தானா மேடம்?" என்று கேட்பார். கேட்காவிட்டால் நானே கேட்பேன். உடனே அந்தக் கல்விக் குறிப்பின் முழு உரையைத் திறக்கச் சொல்வேன். இந்தியாவிலும் அரபு நாட்டிலும் உள்ள இலக்கியம் முழுவதும் ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரிக்கு ஈடாகாது என்கிற கருத்து அதில் இருக்கிறது. இரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியராக, ரசனையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராக இருக்கும் ஒரு வகுப்பாரை உருவாக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அவரைக் கண்டிக்க வேண்டுமானால் அவரே எழுதியது போதும், இட்டுக்கட்டத் தேவையே இல்லை. பொய்யான ஒரு மேற்கோளைத் தள்ளுவதால் அதற்கு எதிரான கருத்து உண்மையாகிவிடாது. இதை இருபது வயதில் ஒருவர் நேரடியாகக் கண்டுகொள்வது பெரிய விஷயம். வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர் இந்த வகுப்புக்குப் பிறகு தன் பாடத்திலேயே அந்தக் குறிப்பை முழுதாகப் படிக்க வைத்தார்.

இந்த ஆளைத் தேடிப்போன குழு செய்ததற்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர். மூன்று தரப்புக்கும் ஒரே இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த பேராசிரியர்களே இலச்சினையையும் அழகான வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் செய்தது ஒன்றுதான்: அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஆராயாமல் உடனே வெளியே வந்து, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான விடைக்கு வந்தார்கள்.

நூலகவியல் படித்தவர்களுக்குப் பழக்கமான சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. தேதி புதிதா, ஆசிரியர் பெயர் உண்டா, 'எங்களைப் பற்றி' பக்கம் உண்டா, முகவரி '.ஆர்க்' என்று முடிகிறதா என்றெல்லாம் கேட்பவை. அவற்றில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏமாற்ற வருகிறவன் இவை எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பான். '.ஆர்க்' முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். '.கவ்.இன்', '.ஏசி.இன்' போன்றவைதான் அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும் கொடுக்கப்படுபவை என்று சொல்லிவைப்பேன். மற்றபடி, பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள் என்பதுதான் என் ஒரே விதி. கைபேசியில் இது கொஞ்சம் சிரமம், தாவல் மாற்றி மாற்றிப் பார்ப்பது சின்னத் திரையில் எரிச்சலாக இருக்கும். அதனால் இரண்டு பேருக்கு இரண்டு கைபேசி: ஒன்றில் பக்கம், இன்னொன்றில் தேடல்.

அடுத்து தேடுவது. இங்கே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. தமிழில் தேடினால் வருவது குறைவு. வராவிட்டால் 'இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். பல ஆண்டுகளாக அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் பிடிஎஃப்பாக இணையத்தில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய புத்தகங்களோ பக்கம் பக்கமாகப் படமெடுத்தவை, பெரும்பாலும் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேட முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்திருக்கின்றன, ஆனால் அங்கே தலைப்பையும் ஆசிரியரையும் வைத்துத் தேடிப் பழக வேண்டும். கூகுள் கொண்டுவந்து தரும் என்று காத்திருக்கக் கூடாது. மின்வடிவில் தமிழ் இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம், இவற்றையும் அந்தந்த வாசலில் போய்த்தான் தட்ட வேண்டும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பெரிய தலைவலி. விலங்கியல் துறை மாணவி ஒருத்தி மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைத் தலைப்பாக எடுத்தாள். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடியதால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அண்மைக்காலக் கட்டுரைகளும் சுற்றுலாப் பக்கங்களும். வில்லியம் ஹெர்ட்மேன் இலங்கை அரசுக்காகத் தயாரித்து 1903 முதல் 1906 வரை பகுதி பகுதியாக வெளிவந்த முத்துச்சிப்பி அறிக்கைதான் அந்தத் துறையின் அடிப்படை நூல். அதன் தலைப்பில் மன்னாரை ஒற்றை 'என்', இரட்டை 'ஏ' போட்டு எழுதியிருக்கிறார்கள். இன்று நாம் எழுதுவது இரட்டை 'என்', ஒற்றை 'ஏ'. தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றும், திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும், ஊர்ப்பெயரைப் பழைய ஆங்கில வடிவத்தில் போட்டுத் தேடியதும் அவளுக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் கதவு திறந்தது. உள்ளூர் வரலாறு எடுக்கிற எல்லாருக்கும் இப்போது ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன்: தேடத் தொடங்குமுன் உன் ஊருக்கும் பொருளுக்கும் இதுவரை எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல் இருந்தன என்று ஒரு தாளில் எழுது. மாவட்டம் பிரிந்த கதையையும் எழுது. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய புள்ளிவிவரமெல்லாம் திருநெல்வேலிக் கணக்கில்தான் இருக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு என்-லிஸ்ட் கடவுச்சொல் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறோம், பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம்தான். அதைவிடப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போவது ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதுவே ஆபத்தும்கூட, ஓர் அத்தியாயத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள். நான் சொல்வது: ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கு. நூற்பட்டியலைப் பார். உன் தலைப்புக்கு நெருங்கிய இரண்டு மூன்று ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் யாருடையவை? அவர்களைத் தேடிப் போ.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் வணிகவியல் வகுப்பு நடத்த முடியாது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் என்ன என்று கேட்டால் ஒரு பக்கம் 80.33 என்பார்கள், இன்னொரு பக்கம் 80.09 என்பார்கள். இரண்டு தரப்பும் அரசு ஆவணத்தையே காட்டும். எது பொய்? எதுவுமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தற்காலிக முடிவு 80.33, பின்னர் வந்த இறுதி முடிவு 80.09. மக்கள்தொகையும் அப்படித்தான்: தற்காலிகக் கணக்கில் 7,21,38,958, இறுதிக் கணக்கில் 7,21,47,030. எழுத்தறிவு என்பதற்கு அந்தக் கணக்கெடுப்பில் என்ன பொருள் என்றும் கேட்பேன். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மொத்த மக்கள்தொகையில் இத்தனை சதவீதம் என்று எழுதினால் அது தவறாகிவிடும். முகம் சுளித்துக்கொண்டே குறித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஒரு பொறி வைப்பேன். '2021 கணக்கெடுப்பின்படி உங்கள் மாவட்ட மக்கள்தொகை என்ன?' கைபேசியைத் தட்டி சில நொடிகளில் எண் சொல்வார்கள். சில தளங்கள் அழகான அட்டவணையோடு தருகின்றன. 2021-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னதும் ஒரு நிமிடம் அமைதி. அந்த எண்கள் பழைய வளர்ச்சி விகிதத்தை வைத்து யாரோ போட்ட மதிப்பீடு. மதிப்பீட்டைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. மதிப்பீடு என்று எழுத வேண்டும், யாருடையது என்றும் எழுத வேண்டும். பின்வரிசையில் இருந்த துறைத்தலைவர் அன்றைக்குத் தன் கைப்பையைத் திறந்து, திருத்த வைத்திருந்த பிராஜெக்டுகளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதன் பிறகு கவுன்டருக்கு ஒரு புதுவகைக் கோரிக்கை வருகிறது: "மேடம், இந்த ஆர்ட்டிகிள் எங்கேயும் கிடைக்கல, நீங்க எடுத்துத் தாங்க." தாளில் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். இதழ் இருக்கும், சில சமயம் ஆசிரியரும் உண்மையான ஆளாகவே இருப்பார். கட்டுரைதான் உலகில் இல்லை. நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள் என்ற கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. படித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடு. டிஓஐ எண் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) கொடுத்திருந்தால் அதை டிஓஐ தளத்தில் போட்டுத் திற. போலி எண் திறக்காது, அல்லது சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரையைத் திறக்கும். அதுவும் இல்லையென்றால் அந்த இதழின் தளத்துக்குப் போய், சொன்ன தொகுதியில் சொன்ன பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார். வகுப்பில் நிஜமும் போலியும் கலந்த ஒரு மேற்கோள் பட்டியலைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். விளையாட்டு மாதிரிச் செய்வார்கள்.

அந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. என் தலைப்புக்கு வேறு என்னென்ன ஆங்கிலச் சொற்களில் தேடலாம், இந்தச் சுருக்கத்தில் எனக்குப் புரியாத சொல் எது என்று கேட்க அது நன்றாகவே உதவும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது உண்மையான உதவி. தேடலுக்குக் கைகாட்டி, அவ்வளவுதான். பிராஜெக்டின் அடிக்குறிப்பில் ஏறுவதற்கு நீ திறந்து படித்த ஆவணம் வேண்டும்.

முதுநிலை மாணவர்களுக்கு இன்னொரு பிரச்சினை: பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள். மாலையில் அனுப்பினால் மறுநாள் ஏற்பு, கட்டணம் செலுத்தினால் சான்றிதழ். 'ஐஎஸ்எஸ்என் இருக்கு மேடம்' என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் சான்று. ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வரும் எந்த வெளியீட்டுக்கும் கொடுக்கப்படும் எட்டு இலக்க அடையாள எண். வாகனப் பதிவெண் ஓட்டுநரின் திறமையைச் சொல்லாதது மாதிரி, இது இதழின் தரத்தைச் சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த, ஏற்கத்தக்க இதழ்களின் கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. இனி ஒரு பட்டியலைக் காட்டித் தப்பிக்க முடியாது, நாமே பார்த்தாக வேண்டும். ஆசிரியர் குழுவில் இருக்கும் பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா, பழைய இதழ்களில் வந்த கட்டுரைகள் ஒரே துறையைச் சேர்ந்தவையா, அல்லது பருத்தி விவசாயமும் பாரதி கவிதையும் பற்சிகிச்சையும் ஒரே இதழில் கிடக்கின்றனவா? கடைசிக் கேள்வி ஒன்றே பல சமயம் போதும்.

படியெடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. மானியக் குழுவின் 2018 விதிமுறையில் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதைப் பிள்ளைகள், ஏன் சில ஆசிரியர்களும்கூட, 10 சதவீதம் திருட அனுமதி என்று படிக்கிறார்கள். மென்பொருள் காட்டும் சதவீதத்தைக் குறைக்க, சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் கருவிகளில் போட்டு எடுக்கிறார்கள். வருகிற ஆங்கிலத்தைப் படித்தால் தலை சுற்றும். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, கட்டுரையைப் படித்துவிட்டு மூடி வைத்து, அது என்ன சொன்னது என்று தமிழில் ஐந்து வரி எழுதச் சொல்வது. பிறகு அந்த ஐந்து வரியைத் தானே ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆங்கிலம் சுமாராகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். எழுதியது அவர்களுடையதாக இருக்கும். தமிழில் ஐந்து வரி எழுத முடியாதவர் கட்டுரையைப் படிக்கவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இத்தனையும் நடத்தியபின் நான் எதிர்பார்க்காத ஒரு விளைவைப் பார்த்தேன். நன்றாகப் படிக்கிற மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்து வந்து, "அப்போ எதையுமே நம்ப முடியாது, அப்படித்தானே மேடம்?" என்றான். வருத்தமாகக் கேட்கவில்லை, நிம்மதியாகக் கேட்டான். எல்லாமே பொய் என்றால் எதையும் தேட வேண்டியதில்லை அல்லவா! ஏமாளியாக இருப்பதைவிட இது மோசம். ஏமாளியை ஓர் ஆதாரம் காட்டித் திருத்தலாம், எதையும் நம்பாதவனிடம் எந்த ஆதாரமும் செல்லாது. சந்தேகப்பட மட்டும் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகள் எல்லாவற்றிலும் இந்த அபாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொய்க்கு ஓர் உண்மை என்று கணக்கு வைத்திருக்கிறேன். சந்தேகத்தோடு தேடப்போய், சரியென்று உறுதியாகிற செய்தி. நம்பவே முடியாதது போல் இருந்து உண்மையாக இருப்பவை நன்றாக வேலை செய்கின்றன. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஒருவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, உலகமெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கும் ஐந்து விதிகளை வகுத்தார் என்று சொல்லி, வாட்ஸ்அப் பெருமையா உண்மையா என்று கேட்பேன். மெக்காலேயிடம் சூடுபட்ட பிள்ளைகள் உடனே 'பொய்' என்பார்கள். தேடிப் பார்த்து எஸ்.ஆர். ரங்கநாதனைக் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வருகிற வியப்பு வேறு மாதிரி. மழை அளவுக்கு வானிலை ஆய்வுத் துறை, வங்கி எண்களுக்கு ரிசர்வ் வங்கி, இவர்கள் எண்ணை எப்படிச் சேகரிக்கிறார்கள், தவறினால் எப்படித் திருத்தி வெளியிடுகிறார்கள் என்றும் காட்டுவேன். திருத்தம் வெளியிடுகிற இடத்தைக் கூடுதலாக நம்பலாம் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. அதுவரை திருத்தம் என்றால் மாட்டிக்கொண்டவர்கள் செய்வது என்று நினைத்திருக்கிறார்கள்.

பிராஜெக்டோடு ஒரு பக்கத் 'தேடல் குறிப்பு' சேர்க்க வேண்டும் என்று வணிகவியல் துறை இப்போது விதியாக்கியிருக்கிறது, ஐந்து மதிப்பெண். எந்தச் சொற்களில் தேடினாய், எங்கே தேடினாய், கிடைத்ததில் எதைத் தள்ளினாய், ஏன்? ஜெராக்ஸ் கடைப் பிராஜெக்டை வாங்கியவருக்கு 'ஏன் தள்ளினாய்' என்பதற்குப் பதில் இருக்காது. நண்பனுடைய குறிப்பைப் பார்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள், ஒரே எழுத்துப்பிழையோடு இரண்டு தாள் வந்திருக்கிறது. பரவாயில்லை. ஒழுங்காக எழுதியவற்றைப் படிக்கிறபோது எங்கே தடுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது, அடுத்த ஆண்டு வகுப்புக்கு உதாரணம் கிடைக்கிறது. ஒரு பெண், தள்ளியதற்குக் காரணமாக, 'இந்தக் கட்டுரை சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எந்த ஊரில், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று எழுதவில்லை' என்று எழுதியிருந்தாள். முழு ஐந்து மதிப்பெண்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: எல்லாத் துறைக்கும் ஒரே வகுப்பை எடுக்க வேண்டாம். மெக்காலே வரலாற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் சரி, வேதியியல் பிள்ளைகளுக்கு அது கதை. அவர்களுக்கு உணவுக் கலப்படம் பற்றிச் சுற்றும் காணொளி ஒன்றை எடுங்கள். உதாரணத்தை அந்தத் துறை ஆசிரியரிடமே கேட்டு வாங்குங்கள், அவர் கொடுத்த உதாரணம் என்றால் வகுப்புக்கும் கட்டாயம் வருவார். டிசம்பரில், பிராஜெக்ட் தலைப்பு முடிவானவுடன் நடத்துங்கள். பிப்ரவரியில் நடத்தினால் எல்லாரும் ஏற்கெனவே எழுதி முடித்திருப்பார்கள், கேட்டதெல்லாம் குற்ற உணர்ச்சிக்குத்தான் பயன்படும். இணையம் படுத்துவிடும் என்று வைத்துக்கொண்டு முக்கியப் பக்கங்களை முன்கூட்டியே சேமித்து எடுத்துப்போங்கள்.

தமிழ்த்துறை இந்த ஆண்டுதான் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பாரதி பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் சுற்றுகிற வரிகளைத் தொகுத்தாலே ஒரு செமஸ்டர் ஓடும். 1330 குறளில் இல்லாத குறள்கள் வேறு. பாரதிக்கான வகுப்பைக் கைபேசி இல்லாமல் புத்தக அடுக்குகளுக்கு இடையிலேயே நடத்தலாம் என்று இருக்கிறேன். வரியைக் கையில் கொடுத்து, காலவரிசையில் தொகுத்த அவருடைய படைப்புத் தொகுதிகளில், முதற்குறிப்பகராதியை வைத்துத் தேடட்டும். எந்த ஆண்டு, எந்த இதழ் என்று சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் எந்தெந்தத் தொகுதியைப் புரட்டினார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் அடுக்கில் ஒரு தொகுதி காணாமல் போயிருக்கிறது. வகுப்புக்கு முன் அதை யார் எடுத்துப்போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.